துறைமுக வாசலில் மூன்று வேலை



"துறைமுகம், கப்பல் சரக்கு, சுங்கம்... இதெல்லாம் பெரிய கம்பெனிக்காரங்க சமாச்சாரம். வாரச் சேமிப்பு கட்டி, கடன் வாங்கி, ஆடு மாடு வளர்க்கிற நமக்கு இதுல என்னக்கா இருக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி, குடியாத்தம் பக்கத்துச் சகோதரிகளைக் கேட்டால் பதில் கிடைக்கும். கட்டை அடுக்குவதும், பெட்டியில் குச்சி அடைப்பதும், பண்டல் போடுவதும் பெரும்பாலும் பெண்கள்தான். பல வீடுகளில் பள்ளிக் கட்டணமும், குழுக் கடன் தவணையும் தீப்பெட்டி ஆபீஸ் கூலியிலிருந்துதான் போகிறது. பெட்டிக்கடையில் பத்து ரூபாய் பிளாஸ்டிக் லைட்டர் வந்து உட்கார்ந்ததும் இந்தப் பெண்களுக்குக் கவலை வந்தது. அந்த லைட்டரும், அதன் பாகங்களும் பெரும்பாலும் சீனாவிலிருந்து கப்பலில் வந்தவை. அப்படியானால் இவர்களுடைய கூலிக்கும் துறைமுகத்துக்கும் தொடர்பு இருக்கிறது.

இன்னொரு பக்கம் பாருங்கள். பல குழுக்கள் சானிட்டரி நாப்கின் தயாரிக்கின்றன. நாப்கினுக்குள் வைக்கும் மரக்கூழ்ப் பஞ்சு பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அது கப்பலில் வந்து துறைமுகத்திலேயே நாள்கணக்கில் கிடந்தால், இங்கே மெஷின் ஓடாது. ஆனால் வங்கித் தவணை நிற்காது.

தீப்பெட்டிச் சகோதரி, "வாசல்ல நல்லா காவல் போடுங்க" என்கிறார். நாப்கின் சகோதரி, "வாசலைச் சீக்கிரம் திறந்து விடுங்க" என்கிறார். இருவருமே நம் பெண்கள். இருவர் கேட்பதும் நியாயம். இரண்டையும் ஒரே வாசலில் எப்படிச் செய்வது? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

சுங்கத்துறைக்கு என்ன வேலை?

சுங்கம் என்றால் வரி வாங்கும் இடம் என்று மட்டும் நினைக்கிறோம். உண்மையில் அங்கே மூன்று வேலை ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

முதல் வேலை, வழிவிடுவது. ஒழுங்காகக் கணக்குக் காட்டி, வரி கட்டி வரும் சரக்கைத் தாமதமில்லாமல் வெளியே அனுப்ப வேண்டும்.

இரண்டாவது, சட்டத்தை நடத்துவது. வரி ஏய்ப்பவர், பொய்க் கணக்கு எழுதுபவர், தடை செய்த பொருளைக் கொண்டு வருபவர் ஆகியோரைப் பிடிக்க வேண்டும்.

மூன்றாவது, பாதுகாப்பு. வெடிமருந்து, போதைப்பொருள், ஆயுதம், ஆபத்தான ரசாயனம் போன்றவை உள்ளே வந்து மக்களுக்குக் கெடுதல் செய்யாமல் காக்க வேண்டும்.

இதில் ஒன்றை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். எந்தப் பொருள் வரலாம், எது வரக்கூடாது என்று முடிவு செய்வது சுங்கத்துறை அல்ல. வணிக அமைச்சகத்தின் கீழ் உள்ள வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம்தான் அந்த உத்தரவைப் போடும். அந்த உத்தரவை வாசலில் நின்று நிறைவேற்றுவது சுங்கத்துறை. விதி எழுதுகிறவர் ஒருவர், வாசலில் நிற்கிறவர் ஒருவர்.

எல்லாப் பெட்டியையும் திறந்து பார்த்தால் என்ன?

"திருட்டுத்தனமா வருதுன்னா எல்லா கன்டெய்னரையும் திறந்து பாத்துட்டா போச்சு" என்று தோன்றும். ஆனால் ஒரு கன்டெய்னரை முழுவதும் இறக்கி, எண்ணி, மறுபடி ஏற்றுவதற்கே ஒரு நாள் வேலை ஆகிவிடும். துறைமுகத்துக்கு வருவதோ ஆயிரக்கணக்கில். எல்லாவற்றையும் திறந்தால் வரிசை கடல் வரை நிற்கும்.

காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் செலவு உண்டு. இடத்துக்கு வாடகை. இதை டெமரேஜ் என்பார்கள். கன்டெய்னரைத் திருப்பிக் கொடுக்கத் தாமதமானால் கப்பல் கம்பெனிக்குத் தனிக் கட்டணம். இந்தச் செலவை இறக்குமதியாளர் தன் கையிலிருந்து போடுவாரா? பொருளின் விலையில்தான் ஏற்றுவார். கடைசியில் கட்டுவது நாம். பெரிய கம்பெனி பத்து நாள் தாமதத்தைத் தாங்கும். சிறு தொழில் தாங்காது.

அதனால்தான் உலக வணிக அமைப்பில் வணிக எளிதாக்க ஒப்பந்தம் ஒன்று போட்டார்கள். 2013-ல் பேசி முடித்தது. இந்தியா 2016-ல் ஏற்றுக்கொண்டது. 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி இந்திய அரசு ஒரு செயல்திட்டம் போட்டது. துறைமுகத்துக்கு வரும் இறக்குமதிச் சரக்கை 48 மணி நேரத்துக்குள் விடுவிக்க வேண்டும் என்பது அதில் ஒரு இலக்கு.

ஒன்றையுமே திறக்காமல் விட்டால்?

அதற்கும் நடந்த உதாரணங்கள் இருக்கின்றன.

2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் இரண்டு கன்டெய்னர்கள் பிடிபட்டன. முகப்பவுடர் செய்யப் பயன்படும் டால்க் கல் என்று கணக்குக் காட்டி, ஆப்கானிஸ்தான் சரக்கு ஈரான் வழியாக வந்திருந்தது. உள்ளே இருந்தது சுமார் 3,000 கிலோ ஹெராயின். அது தெருவுக்கு வந்திருந்தால் எத்தனை தாய்மார்களின் பிள்ளைகள் சீரழிந்திருப்பார்கள்!

2025 அக்டோபரில் நம் தூத்துக்குடி துறைமுகத்தில் இரண்டு 40 அடி கன்டெய்னர்களில் 83,520 சீனப் பட்டாசுகள் பிடிபட்டன. மதிப்பு சுமார் 5 கோடி ரூபாய். முன்னால் வேறு சரக்குப் பெட்டிகளை அடுக்கி, பின்னால் பட்டாசை மறைத்திருந்தார்கள். வெளிநாட்டுப் பட்டாசை உரிமம் இல்லாமல் கொண்டுவர முடியாது. இதில் மூன்று கெடுதல் ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். அரசுக்கு ஏமாற்று, சிவகாசித் தொழிலாளிக்கு நஷ்டம், துறைமுகத்தில் வேலை செய்கிறவர் உயிருக்கு ஆபத்து. வெடிபொருள் இருப்பது தெரியாமல் அந்தப் பெட்டியைத் தூக்கி வைப்பவரும் ஒரு கூலித் தொழிலாளிதானே?

ஆக, எல்லாவற்றையும் திறக்கவும் முடியாது, திறக்காமல் விடவும் முடியாது.

குழுவில் கடன் கொடுப்பது போலத்தான்

நம் குழுவில் என்ன செய்கிறோம்? ஐந்து வருடமாகத் தவணை தவறாத உறுப்பினர் ஐயாயிரம் கடன் கேட்டால் ஒரே கூட்டத்தில் தீர்மானம் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். போன மாதம் சேர்ந்தவர் ஒரு லட்சம் கேட்டால்? எதற்கு, எப்படித் திருப்புவீர்கள் என்று நாலு கேள்வி கேட்கிறோம். இரண்டு பேர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். அதோடு, வருடத்துக்கு ஒரு முறை எல்லோருடைய கணக்கையும் தணிக்கை செய்கிறோம். நல்லவர், கெட்டவர் என்று முத்திரை குத்துவதற்காக அல்ல. நேரத்தையும் கவனத்தையும் தேவையான இடத்தில் வைப்பதற்காக.

சுங்கத்துறை செய்வதும் இதுவே. இதற்கு இடர் மேலாண்மை முறை என்று பெயர். இந்தியாவில் 2005 முதல் இது படிப்படியாக நடைமுறைக்கு வந்தது.

இறக்குமதியாளர் தன் சரக்கு விவரத்தைக் கணினி வழியாகத் தாக்கல் செய்கிறார். என்ன பொருள், எத்தனை, எந்த நாடு, என்ன விலை, எவ்வளவு வரி என்று அவரே கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். கணினி அதைப் பழைய பதிவுகளோடு ஒப்பிடுகிறது. இவர் புதியவரா, பழையவரா? முன்பு தப்புச் செய்தவரா? இந்தப் பொருளில் ஏமாற்று அதிகமா? சொன்ன விலை நம்பும்படி இருக்கிறதா? இதை வைத்துச் சரக்கைப் பிரிக்கிறது.

• சந்தேகம் இல்லாதது: வரி கட்டியதும் வெளியே போகலாம்.
• கேள்வி உள்ளது: அதிகாரி காகிதங்களைச் சரிபார்ப்பார்.
• சந்தேகம் உள்ளது: பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். அல்லது திறக்காமலே ஸ்கேனரில் படம் எடுப்பார்கள்.

கணினி மட்டும் போதாது. யாராவது கொடுக்கும் தகவலும் வேண்டும். பெரிய கடத்தல்களைத் துப்புத் துலக்குவதற்கென்றே வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் 1957 முதல் இருக்கிறது. மேலே சொன்ன முந்த்ரா சரக்கையும் தூத்துக்குடி பட்டாசையும் பிடித்தது அவர்கள்தான்.

இன்னொரு மாற்றமும் வந்தது. முன்பு சரக்கு எந்தத் துறைமுகத்தில் இறங்கியதோ, அங்குள்ள அதிகாரியே காகிதத்தையும் பார்ப்பார். தாமதம், தெரிந்தவர்களுக்குச் சலுகை என்று புகார்கள் வந்தன. 2020 ஜூனில் சென்னையிலும் பெங்களூருவிலும் தொடங்கி, அதே ஆண்டு அக்டோபர் முடிவில் நாடு முழுவதும் முகமறியா மதிப்பீடு வந்தது. தூத்துக்குடியில் இறங்கிய சரக்கின் காகிதத்தை வேறு ஊரில் இருக்கும் அதிகாரி பார்க்கலாம். இவர் யார் என்று அவருக்குத் தெரியாது, அவர் யார் என்று இவருக்குத் தெரியாது.

வாசலைத் தாண்டிவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. பிறகும் கணக்குப் புத்தகத்தைத் தணிக்கை செய்யலாம். வரி குறைவாகக் கட்டியிருந்தால் 2 ஆண்டு வரை நோட்டீஸ் அனுப்பலாம். வேண்டுமென்றே மறைத்து மோசடி செய்திருந்தால் 5 ஆண்டு வரை. அதனால்தான் முன்னால் வேகமாக விட முடிகிறது. பின்னால் கணக்குக் கேட்கும் பயம் இருந்தால்தான் முன்னால் நம்பி அனுப்பலாம்.

லைட்டர் கதை

இந்த மூன்று வேலையும் எப்படி ஒன்றோடொன்று இழுத்துக்கொள்கின்றன என்பதை லைட்டர் கதையில் பார்க்கலாம்.

தீப்பெட்டி விலை 2007 முதல் 14 ஆண்டுகள் ஒரு ரூபாயிலேயே நின்றது. சிவப்பு பாஸ்பரஸ், மெழுகு, அட்டை, பொட்டாசியம் குளோரேட் எல்லாம் விலை ஏறிய பிறகு, 2021 டிசம்பர் 1 முதல்தான் இரண்டு ரூபாய் ஆனது. அந்த நேரத்தில் பத்து ரூபாய் லைட்டர் கடைக்குக் கடை வந்துவிட்டது. ஒரு லைட்டர் 20 தீப்பெட்டி செய்யும் வேலையைச் செய்யும் என்பது உற்பத்தியாளர்கள் கணக்கு. அதாவது ஒரு லைட்டர் விற்றால் 20 பெட்டிக்கான குச்சி அடைப்புக் கூலி போயிற்று. எரிவாயு தீர்ந்ததும் அந்த பிளாஸ்டிக் குப்பையில்தான் விழும். 2022 செப்டம்பரில் தமிழ்நாடு முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், ஒரு முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் லைட்டரைத் தடை செய்யக் கேட்டு ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதினார்.

2023 ஜூன் 29 அன்று வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம் உத்தரவு போட்டது. இறக்குமதி மதிப்பு ஒன்றுக்கு 20 ரூபாய்க்குக் குறைவாக உள்ள சிகரெட் லைட்டருக்குத் தடை. 20 ரூபாயும் அதற்கு மேலும் என்றால் வரலாம். இறக்குமதி மதிப்பு என்பது பொருளின் விலை, கப்பல் கூலி, இன்சூரன்ஸ் மூன்றும் சேர்ந்தது. 2023 ஜூலையில் லைட்டருக்குத் தர முத்திரை கட்டாயம் என்ற ஆணையும் வந்தது. (நம் அடுப்பங்கரையில் கேஸ் அடுப்புக்குத் தீப்பொறி போடும் லைட்டர் வேறு. இந்தத் தடை சட்டைப்பையில் வைக்கும் எரிவாயு லைட்டருக்குத்தான்.)

"அப்பாடா, பிரச்சினை தீர்ந்தது" என்று நினைத்தோம். தீரவில்லை.

விதிக்குள்ளே விலை என்று ஒரு கோடு போட்டால், அந்த விலையிலேயே விளையாட்டு தொடங்கும். வழக்கமாக வரி ஏய்ப்பவர் விலையைக் குறைத்துக் காட்டுவார். அதிகாரியின் கண்ணும் அதற்குத்தான் பழகியிருக்கும். இங்கே தலைகீழ். எட்டு ரூபாய்ப் பொருளை இருபத்தோரு ரூபாய் என்று கூட்டிக் காட்டினால்தான் உள்ளே வரும். அப்படிக் கூட்டிக் காட்டியதா, உண்மை விலையா என்று கண்டுபிடிக்க வேண்டும். இருபத்தோரு ரூபாய்க்கு வாங்கியதாகச் சொன்ன லைட்டர் கடையில் பத்து ரூபாய்க்கு விற்றால், எங்கோ பொய் இருக்கிறது என்று நமக்கே தெரியும் அல்லவா?

அடுத்தது, முழு லைட்டருக்குத் தானே தடை? பாகம் பாகமாகக் கொண்டுவந்து இங்கே மாட்டினால்? அந்த ஓட்டையும் இருந்தது. 2024 அக்டோபரில்தான் லைட்டர் பாகங்களின் இறக்குமதிக்கும் தடை வந்தது. முதல் தடைக்கும் இதற்கும் இடையில் 15 மாதம் ஓடிவிட்டது.

மூன்றாவது, வேறு சரக்குக்குப் பின்னால் மறைத்து வருவது. பட்டாசில் பார்த்தோமே, அதே வழிதான்.

இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது: தடை உத்தரவு என்பது வேலி மாதிரி. போட்ட அன்றைக்கே வேலை முடிவதில்லை. எந்த இடத்தில் ஆடு நுழைகிறது என்று பார்த்துப் பார்த்து முள் வைக்க வேண்டும். அதே சமயம் வேலி வேலி என்று பாதையையே அடைத்துவிட்டால் வீட்டுக்காரரே உள்ளே போக முடியாது. லைட்டர் வருகிறது என்பதற்காக பிளாஸ்டிக் சாமான் கன்டெய்னர் எல்லாவற்றையும் வாரக்கணக்கில் நிறுத்தினால், நேர்மையாகத் தொழில் செய்யும் நூறு பேர் பாதிக்கப்படுவார்கள். தப்புச் செய்பவர் வேறு துறைமுகம் தேடிப் போவார்.

பிடித்த பிறகும் வேலை இருக்கிறது

2020 ஆகஸ்ட் 4 அன்று லெபனான் நாட்டின் பெய்ரூட் துறைமுகத்தில், பல ஆண்டுகளாகக் கிடங்கில் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அம்மோனியம் நைட்ரேட் உரமாகவும் பயன்படும், வெடிமருந்தாகவும் பயன்படும்.

அந்தச் செய்தி வந்த பிறகுதான் பலருக்கும் ஒன்று தெரிய வந்தது. நம் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் இதே ரசாயனம், சுமார் 697 டன், 37 கன்டெய்னர்களில் இருந்தது. 2015-ல் சுங்கத்துறை பிடித்து வைத்தது. ஐந்து வருடமாக அங்கேயே கிடந்தது. கொஞ்ச தூரத்திலேயே குடியிருப்பு. 2020 ஆகஸ்டில் அவசரமாக ஏலம் முடித்து ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். நல்ல வேளை, ஒன்றும் நடக்கவில்லை.

பிடித்தது சரியான வேலைதான். ஆனால் பிடித்ததை முடிக்காமல் வைத்திருந்தால் காவலே ஆபத்தாகிவிடும். வேகமும் காவலும் எதிரிகள் அல்ல என்பதற்கு இதுவே சாட்சி. வழக்கை வேகமாக முடிப்பதும் பாதுகாப்புதான்.

நேர்மையானவருக்கும் இதில் நியாயம் உண்டு. சுங்கச் சட்டப்படி ஒரு சரக்கைப் பறிமுதல் செய்தால் 6 மாதத்துக்குள் காரணம் கேட்டு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் எழுதி மேலும் 6 மாதம் நீட்டிக்கலாம். அதற்குள் கொடுக்காவிட்டால் சரக்கைத் திருப்பித் தர வேண்டும். அதிகாரம் உள்ளவருக்கும் கெடு உண்டு.

நாம் என்ன செய்யலாம்?

1. பான் கார்டு, ஆதார் நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள். இது மிக முக்கியம். வெளிநாட்டுச் சரக்கு இறக்குமதி செய்ய ஒரு குறியீட்டு எண் வேண்டும். அந்த எண் இப்போது பான் எண்ணை ஒட்டியே வருகிறது. "அக்கா, உங்க பேருல ஒரு கம்பெனி ஆரம்பிக்கிறோம். நீங்க கையெழுத்து மட்டும் போட்டா போதும், மாசம் ஐயாயிரம் தர்றோம்" என்று யாராவது வந்தால் உடனே மறுத்துவிடுங்கள். அந்தப் பெயரில் கடத்தல் சரக்கு வந்தால் முதலில் போலீசும் சுங்கத்துறையும் தேடி வருவது உங்கள் வீட்டு வாசலுக்குத்தான். சுங்கச் சட்டத்தில் அபராதம் உண்டு, பெரிய குற்றத்துக்கு 7 ஆண்டு வரை சிறையும் உண்டு. "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று நிரூபிக்கவே வருடங்கள் ஆகும்.

2. குழு பெயரிலும் கொடுக்காதீர்கள். குழுவின் வங்கிக் கணக்கு, லெட்டர்பேடு, ரப்பர் ஸ்டாம்ப் எதையும் தீர்மானம் இல்லாமல் வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது.

3. வெளிநாட்டு மெஷினோ மூலப்பொருளோ வாங்கும் குழுக்கள் காகிதத்தை முதலிலேயே சரி செய்யுங்கள். பில்லில் உள்ள விலை உண்மையாக இருக்கட்டும். "வரி கம்மியா வரும், பில்லைக் குறைச்சுப் போட்டுடலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு முறை பொய் சொல்லி மாட்டினால், அடுத்த முறை உண்மை சொன்னாலும் கணினி உங்கள் சரக்கை நிறுத்தும். சுங்கத்துறை உரிமம் பெற்ற ஏஜென்ட்தானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

4. பெட்டிக்கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள் பில் இல்லாத லைட்டர், சீனப் பட்டாசு வாங்கி விற்காதீர்கள். இரண்டு ரூபாய் லாபத்துக்காக நாமே நம் சகோதரியின் கூலியில் கை வைக்கலாமா? தர முத்திரை உண்மையானதா என்று பி.ஐ.எஸ். கேர் என்ற செல்போன் செயலியில் பார்க்கலாம், புகாரும் செய்யலாம்.

5. தகவல் தெரிந்தால் சொல்லுங்கள். ஒரு ஊரில் திடீரென்று குடோன் எடுத்து இரவில் மட்டும் லோடு இறங்குகிறது என்றால் முதலில் பார்ப்பது ஊர்ப் பெண்கள்தான். தூத்துக்குடியிலும் சென்னையிலும் சுங்க அலுவலகமும் வருவாய்ப் புலனாய்வு அலுவலகமும் உள்ளன. தகவல் சொல்பவர் பெயரை ரகசியமாக வைப்பார்கள். தகவல் உண்மையானால் வெகுமதியும் உண்டு. தனியாக நின்று யாரோடும் சண்டைக்குப் போக வேண்டாம்.

6. கூட்டமைப்பு வழியாகக் கேளுங்கள். "லைட்டரைத் தடை செய்" என்று மட்டும் மனுக் கொடுத்தால் போதாது. "தடைக்குப் பிறகு எத்தனை பிடித்தீர்கள்? பிடித்ததை என்ன செய்தீர்கள்? இருபது ரூபாய் விலையை எப்படிச் சரிபார்க்கிறீர்கள்?" என்றும் கேட்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 நம் கையில் இருக்கிறது.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

• நம் ஊரில் எந்தத் தொழில் வெளிநாட்டுப் பொருளால் பாதிக்கப்படுகிறது? எந்தத் தொழிலுக்கு வெளிநாட்டுப் பொருள் தேவைப்படுகிறது?
• நம் குழுவில் யாரிடமாவது பான் நகல், கையெழுத்துக் கேட்டு வெளியார் வந்தார்களா?
• நம் ஊர்க் கடையில் பத்து ரூபாய் லைட்டர் இன்னும் விற்கிறதா? பில்லும் முத்திரையும் இருக்கிறதா?

இந்த மூன்று கேள்விக்கும் கிடைத்த பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கூட்டமைப்புக்கு அனுப்பி வையுங்கள். பத்துக் குழுவின் பதில் சேர்ந்தால் அது ஒரு மனு. நூறு குழுவின் பதில் சேர்ந்தால் அதிகாரிகள் பதில் சொல்லியாக வேண்டும்.